குச்சியும் விதையும்

ஆத்தூரிலிருந்து சேலத்திற்கு வரும் நெடுஞ்சாலையில் கிழங்கு வெட்டுக் காலத்தில் பயணம் செய்வோர் ஒரு காட்சியைக் காணத் தவறுவதில்லை. மரவள்ளிக் கிழங்கைச் சுமந்த லாரிகள் சேகோ மில்களை நோக்கி ஊர்ந்து செல்லும். சாலையோரத் தோட்டங்களிலோ, இலை கழித்த மரவள்ளித் தண்டுகள் கட்டுக்கட்டாகக் கட்டப்பெற்று, மர நிழலில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கும். லாரியில் போவது இவ்வாண்டின் வருவாய். நிழலில் நிற்பது அடுத்த ஆண்டின் பயிர்.

சேலம், நாமக்கல் சமவெளி மக்கள் மரவள்ளியைக் ‘குச்சிக்கிழங்கு’ என்று வழங்குகின்றனர். ஒரு சாண் நீளக் குச்சியை மண்ணில் ஊன்றினால் பத்தாம் மாதம் கிழங்கு தரும் பயிருக்கு இதனினும் பொருத்தமான பெயர் அமைவது அரிது. ஆனால் இந்தப் பெயருக்குள் ஒரு வினாவும் ஒளிந்திருக்கிறது. மரவள்ளி பூவாத செடியன்று, காயாத செடியுமன்று. அதன் காயில் மூன்று அறைகளும், அறைக்கு ஒன்றாக மூன்று விதைகளும் உண்டு. ஆமணக்கு விதையைச் சிறிதாக்கி வைத்தாற்போன்ற புள்ளி விழுந்த விதைகள். இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகளல்லவா! அவ்விதைகள் முளைக்கவும் செய்யும். இருந்தும் உழவர் எவரும் அவற்றைப் பொறுக்கி விதைப்பதில்லை. ஏன்?

‘தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை’ என்பது நம்மவர் பழமொழி. குச்சியைப் பொறுத்தவரை இது எழுத்துக்கு எழுத்து மெய். விதையைப் பொறுத்தவரை இது பொய். ஒரே காயிலிருந்து எடுத்த மூன்று விதைகளை ஊன்றினால் மூன்று வெவ்வேறு செடிகள் எழும். ஒன்று உயரும், ஒன்று படரும், ஒன்று கிழங்கே வைக்காமலும் போகும். விதைக்குள் நிகழ்ந்து குச்சிக்குள் நிகழாத அந்த ஒன்று எது என்பதைத் தேடிப் போனால், அது நம்மை உயிரின் ஆதி எழுத்தாகிய டி.என்.ஏ. வரையில் அழைத்துச் செல்கிறது. அறிஞர்கள் அதனை மரபணு மறுசேர்க்கை என்பர். இச்சமவெளியின் கடந்த எண்பது ஆண்டு வரலாற்றை அந்த ஒற்றைச் சொல்லின் துணையோடு படித்துப் பார்க்கலாம் என்பது நமது எண்ணம்.

முதலில் பயிர் இங்கு வந்த கதை. மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. அமேசான் காட்டின் தென்புறத்து மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அதனைப் பயிராக்கினர். போர்ச்சுகீசியர் வழியாக அது மலையாளக் கரை சேர்ந்தது. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, அரிசி கிட்டாத ஏழைகளின் பசி தீர்க்க இக்கிழங்கைப் பரப்ப முனைந்தவர். சேலத்திற்கோ அது பசி தீர்க்கும் உணவாக மட்டும் அல்லாமல், தொழிலாகவும் வந்தது. அந்தத் தொழிலுக்கு வித்திட்டது கடலுக்கு அப்பால் நிகழ்ந்த ஒரு போர்.

பெருநாள் பாயசத்தில் சேமியாவோடு நாம் கலக்கும் ஜவ்வரிசி, பெயருக்கேற்ப ஜாவா, மலாயாப் பகுதிகளிலிருந்து கப்பலேறி வந்த பண்டம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்திருந்த நம் முன்னோர்க்கு அது புதியதன்று. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றது. அப்போது சேலத்தில் கருவாட்டு வணிகம் செய்து, அதன் பொருட்டு அடிக்கடி கேரளம் சென்று வந்த மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா என்பவரும் சந்தித்தனர். மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் முறையை ஷா அறிந்திருந்தார். 1943-ஆம் ஆண்டு சேலத்தில் கைமுறையாகவே அத்தொழில் தொடங்கிற்று. எந்திர நுட்பம் அறிந்த வெங்கடாசலக் கவுண்டர் பின்னர் அதனைத் திருத்தி விரைவுபடுத்தினார். மறு ஆண்டே பஞ்சம் தலைகாட்ட, உணவுக்கான கிழங்கை ஜவ்வரிசியாக்கலாகாது என்று மாவட்டக் கலெக்டர் தடை விதித்ததும், உற்பத்தியாளர்கள் சங்கம் கூட்டி முறையிட்டு அதனை நீக்கியதும் தனிக் கதை. 1981-இல் ‘சேகோசர்வ்’ என்று வழங்கும் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் 1997-இல் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது மில்களும் வயல்களும் இரு மாவட்டத்துக்கும் பொதுவாயின. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இத்தொழிலின் வரலாற்றைக் கூறுவோர் வணிகர்களையும் எந்திரங்களையும் கூறி அத்துடன் நிறுத்திவிடுகின்றனர். மில்லுக்குள் நுழையும் கிழங்கின் வரலாற்றை எவரும் கேட்பதில்லை. இது பெருங்குறை என்றே நாம் கருதுகிறோம். ஏனெனில், இச்சமவெளியில் நெடுங்காலம் கோலோச்சிய இனம் ‘எச்-226’ என்பது. அது ஒரே ஒரு விதையில் பிறந்தது.

திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963-இல் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. அங்கே, ‘ஏத்தக்காக் கறுப்பன்’ என்னும் மலையாள நாட்டினத்தையும், மலாயாவிலிருந்து வந்த ‘எம்-4’ என்னும் இனத்தையும் மணம் சேர்த்தனர். மரவள்ளியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் தனித்தனியே பூப்பன. ஒரு கொத்தில் பெண் பூக்கள் முன்னர் மலர்ந்து முடிய, ஆண் பூக்கள் சில நாள் கழித்தே மலரும்; தன் மகரந்தம் தன்னையே சேராதிருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. மனிதன் செய்வதெல்லாம், மலரவிருக்கும் பெண் பூவை உறையிட்டு மூடி, விரும்பிய தந்தையின் மகரந்தத்தை உரிய நாளில் கொண்டு சேர்ப்பதே. அவ்வாறு பெற்ற விதைகளை முளைக்க வைத்து, ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒன்றைத் தேர்ந்தனர். அதுவே 1971-இல் வெளியிடப்பட்ட எச்-226. அதன் குச்சியை வெட்டி, அக்குச்சியில் விளைந்த செடியின் குச்சியை வெட்டி, இவ்வாறே ஏத்தாப்பூர், வாழப்பாடி, இராசிபுரம், சேந்தமங்கலம் வயல்களெங்கும் அது பரவிற்று. வயலுக்கு வயல் உழவன் வேறு, கிணறு வேறு, செடி ஒன்றே. மலாயாவிலிருந்து வந்தவரால் ஜவ்வரிசி செய்யும் முறையும், மலாயாவிலிருந்து வந்த இனத்தால் கிழங்கும் இச்சமவெளிக்கு வாய்த்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

சரி, அந்த ஒரு விதைக்குள் நிகழ்ந்தது என்ன?

பழந்தமிழ் ஏடுகளைப் பதிப்பிப்போர் செயலை ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஒரு காப்பியத்துக்கு இரண்டு ஏட்டுப் பிரதிகள் உள்ளன என்போம். பாட்டுக்குப் பாட்டு, வரிக்கு வரி இரண்டும் ஒன்றே. ஆயினும் இங்கொரு சொல், அங்கொரு சொல் பாடபேதமாக இருக்கும். மரவள்ளியின் ஒவ்வொரு செல்லிலும் 18 இணைக் குரோமோசோம்கள் உண்டு. ஒவ்வொரு இணையிலும் ஒன்று தாய் தந்த பிரதி, மற்றது தந்தை தந்த பிரதி. எழுபது கோடிக்கு மேற்பட்ட எழுத்துக்கள் கொண்ட இந்தப் பெருநூலில் பாடபேதங்கள் எண்ணிறந்தன. மரவள்ளி தலைமுறை தலைமுறையாய் அயற்செடியோடு கலந்தே வந்த இனமாதலின் அதன் இரு பிரதிகளும் பெரிதும் வேறுபட்டவை.

இலையும் தண்டும் வளரும்போது செல் தன் இரு பிரதிகளையும் அப்படியே நகலெடுத்துப் புதுச் செல்லுக்கு வழங்கிவிடுகிறது. குச்சி தாயைப் போலவே இருப்பது இதனால்தான். ஆனால், மகரந்தத்தையும் சூலையும் உண்டாக்கும் செல்கள் அவ்வாறு செய்வதில்லை. அவை இரு பிரதிகளில் ஒன்றைத்தான் மகவுக்குத் தர இயலும். எதைத் தருவது? இரண்டையும் அருகருகே வைத்து, இதில் சில ஏடும் அதில் சில ஏடுமாக எடுத்து, மூன்றாவது பிரதி ஒன்றை உருவாக்கித் தருகின்றன! முன்பு எவரிடத்தும் இல்லாத பிரதி அது. இதுவே மறுசேர்க்கை.

இது நிகழ்கிறது என்பதை மனிதன் அறிந்த வரலாறும் சுவையானது. 1909-இல் பெல்ஜிய நாட்டு யான்சென்ஸ், இணைக் குரோமோசோம்கள் பிரியும் வேளையில் ஒன்றன்மீது ஒன்று குறுக்கிட்டுக் கிடப்பதை நுண்ணோக்கியில் கண்டு, அங்கே பரிமாற்றம் நிகழ்கிறது எனக் கூறினார். அமெரிக்காவில் மார்கன் பழ ஈக்களை வளர்த்து, பண்புகள் சில சேர்ந்தே செல்வதையும் சிலவேளை பிரிந்து விடுவதையும் கண்டு அதே முடிவுக்கு வந்தார். அவர்தம் மாணவர் ஸ்டர்ட்டிவன்ட், எந்த அளவு அடிக்கடி பிரிகின்றனவோ அந்த அளவு தொலைவில் அவை அமைந்துள்ளன என்னும் எளிய கணக்கைக் கொண்டு 1913-இல் முதல் மரபணு வரைபடத்தை வரைந்தார்.

ஐயத்திற்கிடமின்றி அதனை மெய்ப்பித்தவர்கள் இரு பெண்மணிகள்: ஹாரியட் கிரைட்டன், பார்பரா மக்ளின்டாக். அவர்கள் எடுத்துக்கொண்ட பயிர், இன்று நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத் தீனியாகும் மக்காச்சோளம். அதன் ஒன்பதாம் குரோமோசோமில் ஒரு முனையில் முடிச்சும் மறு முனையில் அயல் துண்டும் ஒட்டியிருந்த ஒன்றைக் கண்டுபிடித்து, அதனை அடையாளமாக வைத்துக்கொண்டனர். மணியின் நிறம் ஒரு பண்பு. மணியிலுள்ள மாவுச்சத்தின் வகை மற்றொரு பண்பு. பண்புகள் கைமாறிய மணிகளில் குரோமோசோமின் முடிச்சும் துண்டும் கைமாறியிருந்தன. 1931-இல் இது வெளியாயிற்று. மாவுச்சத்தால் வாழும் சேலத்தார்க்கு, மாவுச்சத்தே மறுசேர்க்கைக்குச் சாட்சி சொன்னது என்னும் செய்தி உவப்பாக இருக்கலாம்.

குரோமோசோம் கைமாறுவதைக் கண்டாயிற்று. எழுத்தளவில், டி.என்.ஏ.யின் அளவில், இது எவ்வாறு இயல்கிறது? எழுபது கோடி எழுத்துள்ள இரு நூல்களை வெட்டி ஒட்டும்போது ஓர் எழுத்து தவறினாலும் பொருள் கெடுமே! 1964-இல் ராபின் ஹாலிடே என்னும் ஆங்கில அறிஞர் பூஞ்சைகளை ஆராய்ந்து ஒரு விடை சொன்னார். இரு டி.என்.ஏ.க்களின் இழைகள் ஒன்றுக்கொன்று இடம் மாறிப் பின்னிக்கொண்டு நாற்சந்தி போன்ற ஒரு கூடல் உண்டாகிறது. அதனை எப்பக்கம் வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்துப் பரிமாற்றம் நிகழும் அல்லது நிகழாது என்றார். 1983-இல் ஷோஸ்டாக் முதலிய நால்வர் அதனைத் திருத்தி அமைத்தனர். அவர்கள் கூறியது கேட்போர்க்கு வியப்பளிப்பது: யாவும் ஒரு முறிவில் தொடங்குகிறது.

டி.என்.ஏ. இரட்டை இழை. செல் தானே வேண்டுமென்று தன் டி.என்.ஏ.யின் இரு இழைகளையும் ஒருங்கே வெட்டிக் கொள்கிறது. வெட்டும் கருவி ‘ஸ்போ-11’ என்னும் புரதம் என்பது 1997-இல் தெளிவாயிற்று. நூல் அறுந்தால் தறியே நின்றுவிடும். இங்கோ அறுப்பதே முதல் வேலை! அறுந்த முனைகளில் ஓர் இழையை நொதிகள் அரித்துக் குறைக்க, மற்ற இழை வால்போல் நீண்டு நிற்கும். அவ்வாலின் மீது ராட்-51, டி.எம்.சி-1 என்னும் புரதங்கள் வரிசையாகப் படர்ந்து உறையாகின்றன. உறையிட்ட அவ்வால் தேடலைத் தொடங்குகிறது. எதைத் தேடுகிறது? தன் எழுத்து வரிசையோடு ஒத்த வரிசையை, இணைக் குரோமோசோமில். கோடிக்கணக்கான எழுத்துக்களினூடே ஒத்த இடத்தைக் கண்டதும், அங்குள்ள இரட்டை இழையைப் பிரித்து உள்ளே நுழைந்து, அதில் ஒன்றோடு பொருந்திக்கொள்கிறது. பொருந்தியபின், அறுந்த இடத்தில் இழந்த எழுத்துக்களை மற்றப் பிரதியைப் பார்த்தே எழுதி நிரப்புகிறது.

கிழிந்துபோன ஏட்டை மற்றொரு பிரதி கொண்டு நிரப்பும் பதிப்பாசிரியரின் பணியே இது. நிரப்பும்போது மற்றப் பிரதியின் பாடபேதமும் உடன் வந்து ஏறிவிடும். ஒருபுறம் இருந்த பாடம் மறைந்து மறுபுறத்துப் பாடமே இரண்டிலும் நிற்கும். அறுந்த மற்றை முனையும் வந்து சேர்ந்தால் இரு நாற்சந்திகள் அமைகின்றன. அவற்றை ஒருவகையாய் வெட்டினால், அந்த இடத்திற்கு அப்பாலுள்ள நூல் முழுதும் கைமாறும். வேறு வகையில் முடிந்தால், ஒட்டுப்போட்ட சிறு இடம் மட்டும் மாறி, எஞ்சியது பழையபடியே நிற்கும். பெரும்பாலும் நிகழ்வது பின்னதே. அரபிடாப்சிஸ் என்னும் கடுகினச் சிறு செடியில் ஒரு செல்லுக்கு இருநூறு அளவில் வெட்டுகள் விழ, பத்து அளவில்தான் முழுப் பரிமாற்றமாக முடிகின்றன. எனினும் ஒவ்வோர் இணைக்கும் ஒன்றேனும் நிகழ்ந்தாக வேண்டும். இன்றேல் இணைகள் ஒழுங்காகப் பிரிய மாட்டா.

இங்கு ஓர் ஐயம் எழலாம். குச்சியின் செல்களில் டி.என்.ஏ. அறுவதில்லையா? அறுகிறது, வெயிலாலும் வேதிப் பொருளாலும் நாள்தோறும் அறுகிறது. அங்கும் இதே முறையில் ஒட்டுப்போடும் பணி நிகழ்வதுண்டு. ஆனால் அங்கே செல் பார்த்து எழுதுவது பெரும்பாலும் அப்போதுதான் எடுத்த தன் சொந்த நகலை. தாய்ப் பிரதியும் தந்தைப் பிரதியும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. எனவே பழுது நீங்குகிறது, புதுமை பிறப்பதில்லை. கலப்பு வேண்டுமானால் பூ வேண்டும்.

எச்-226 ஒரு விதையில் பிறந்தது என்று சொன்னதன் முழுப் பொருள் இப்போது விளங்கும். மலையாளத்து அன்னையும் மலாயாத் தந்தையும் தத்தம் இரு பிரதிகளை வெட்டி ஒட்டி உண்டாக்கிய இரு புதுப் பிரதிகள் அந்த ஒரு விதையில் கூடின. அக்கூட்டில் நல்ல மாவுச்சத்து அமைந்தது. மில்காரர் கிழங்குக்கு விலை வைப்பது வெறும் எடையைக் கொண்டு மட்டுமன்று. மாவுச்சத்தை ‘பாயிண்ட்’ கணக்கில் அளந்து, ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று போடுகின்றனர். நல்ல பாயிண்ட் தரும் கூட்டு ஒருமுறை அமைந்துவிட்டால், அதனைக் கலைக்க யார் விரும்புவர்? விதையை ஊன்றினால் கூட்டு கலையும். குச்சியை ஊன்றினால் நிலைக்கும். உழவனின் முடிவு அறிவுடைய முடிவே. அதில் நாம் குறை காணவில்லை. ஆனால் அந்த முடிவுக்கு ஒரு விலை இருந்தது.

அவ்விலையை வசூலிக்க வந்தது தேமல் நோய். இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாய் மாறி, முறுக்கிக்கொண்டு சிறுத்துப் போகும், கிழங்கு பருக்காது. 1894-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் வார்பர்க் என்பவர் இதனை முதலில் குறித்து வைத்தார். இந்தியாவில் 1950-களில் கேரளத்தில் பதிவாயிற்று. இதனைப் பரப்புவன இரண்டு: ஒன்று வெள்ளை ஈ, மற்றொன்று, அந்தோ, அதே குச்சி! நோயுற்ற செடியின் தண்டை வெட்டி நட்டால், கூட்டை மட்டுமன்றி நோயையும் சேர்த்தே நட்டவராவோம். எச்-226 இந்நோயைத் தாங்கும் வலிவற்றது.

நோய்க்குக் காரணமான வைரஸ், டி.என்.ஏ. வைரஸ். ‘ஏ’ என்றும் ‘பி’ என்றும் இரு சிறு வட்டங்கள். வட்டத்துக்கு ஏறத்தாழ 2,700 எழுத்துக்கள். மரவள்ளியின் எழுபது கோடி எங்கே, இந்த ஐயாயிரத்துச் சொச்சம் எங்கே! ஒரு பெருங்காப்பியத்தை ஒரு துண்டுச் சீட்டு வீழ்த்தியது எனலாம். ‘ஏ’ வட்டம் பெருகுவதற்கும் மேலுறைக்கும் உரிய கட்டளைகளைக் கொண்டது. ‘பி’ வட்டம் செடிக்குள் செல் விட்டுச் செல் தாவும் வழியைக் கொண்டது. வட்டங்களைப் பெருக்கும் புரதம், இரு வட்டங்களிலும் பொதுவாக அமைந்த ஒரு சிறு பகுதியை முத்திரையாகக் கண்டுகொண்டே வேலையைத் தொடங்கும். முத்திரை ஒவ்வாத வட்டத்தை அது தொடாது.

இந்த வைரஸுக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. ஆயினும் மறுசேர்க்கை உண்டு! இரு வேறு வைரஸ்கள் ஒரே செல்லில் வந்து சேர்ந்தால் போதும். ஒன்றின் டி.என்.ஏ. நகலாகிக் கொண்டிருக்கும்போது, நகலெடுக்கும் நொதி இடையில் தடுக்கி, அருகிலுள்ள மற்றதன்மீது தாவி அதைப் பார்த்து எழுதத் தொடங்கிவிடும். அல்லது அறுந்த இழையொன்று ஒத்த வரிசையைத் தேடி மற்றதனுள் நுழையும். செடி தன் பூவில் ஓர் ஒழுங்கோடு செய்வதை வைரஸ் இலையில் எந்நேரமும் செய்கிறது. அந்தச் சந்திப்புக்கு இடம் கொடுப்பதும் நம் குச்சியே. ஒரு வைரஸை ஆண்டாண்டாய்த் தன்னுள் வைத்துக் காத்து நிற்கும் குச்சிக்கு, வெள்ளை ஈ இரண்டாவது வைரஸை விருந்தாளியாகக் கொண்டு வந்து விடுகிறது.

தென்னிந்திய வயல்களில் இரு வைரஸ்கள் உள்ளன. ஒன்று இந்திய மரவள்ளித் தேமல் வைரஸ், மற்றது இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ். தமிழ்நாட்டு வயல்களில் பரவலாகக் காணப்படுவது இலங்கைப் பெயருடையதே. 2002-இல் இங்கிலாந்தின் ஜான் இன்னிஸ் மையத்து ஆய்வாளரும் இந்திய ஆய்வாளரும் கூடி அதன் எழுத்துக்களைப் படித்தனர். அதன் ‘ஏ’ வட்டம் தனித்தன்மை உடையது. ‘பி’ வட்டமோ இந்திய வைரஸின் ‘பி’யோடு மிக நெருங்கியது. முத்திரைப் பகுதி மட்டும் தன் சொந்த ‘ஏ’ வட்டத்தினது! இதிலிருந்து அவர்கள் உய்த்துணர்ந்த கதை இது: இலங்கை வைரஸின் மூதாதை ஒரே வட்டத்தோடு, வேறு ஏதோ செடியில் வாழ்ந்திருக்க வேண்டும். அது இந்திய வைரஸைச் சந்தித்த ஒரு செல்லில் அதன் ‘பி’ வட்டத்தைக் கைப்பற்றி, மறுசேர்க்கையால் அதன்மீது தன் முத்திரையைப் பொறித்துக்கொண்டது. திருட்டுப் பொருளுக்குப் புதுப் பெயர் வெட்டிக்கொள்வதைப் போன்ற வேலை. அந்த வைரஸ் பின்னர் இந்தியாவோடும் இலங்கையோடும் நிற்கவில்லை. 2015-இல் கம்போடியாவிலும், அடுத்த சில ஆண்டுகளில் வியட்நாம், தாய்லாந்து, சீனம் ஆகிய நாடுகளிலும் கண்டறியப்பட்டது.

ஆப்பிரிக்காவில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. உகாண்டாவில் 1988 முதல் மரவள்ளி வயல்கள் கடுமையான தேமலால் அழியத் தொடங்கின; கிழங்கையே உணவாகக் கொண்ட மக்கள் பட்டினியால் மடிந்தனர். 1997-இல் அந்த வைரஸைப் படித்தபோது உண்மை வெளிப்பட்டது. கிழக்கு ஆப்பிரிக்க வைரஸின் மேலுறை மரபணுவில், நடுவே ஏறத்தாழ 460 எழுத்துக்கள், மற்றொரு வைரஸாகிய ஆப்பிரிக்க மரவள்ளித் தேமல் வைரஸுக்கு உரியவை. அத்தனை சிறிய துண்டு இடம் மாறிய கலப்பினம் ஒன்று ஒரு நாட்டின் கிழங்குக் குழிகளைக் காலி செய்தது.

சேலத்து உழவரின் நிலையை இப்போது எண்ணிப் பார்ப்போம். அவர் பயிர் கலப்பை விட்டு ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. அவர் பகையோ கலப்பை ஒரு நாளும் விட்டதில்லை. 1971-இல் ஒரு விதையில் எழுதி முடித்த நூலைக் கொண்டு, நாள்தோறும் திருத்தி எழுதப்படும் சீட்டுக்கு அவர் விடை கூற வேண்டியிருக்கிறது. மருந்து அடித்து வெள்ளை ஈயைக் கொல்லலாம். குச்சிக்குள் இருக்கும் வைரஸை எந்த மருந்தும் தொடாது.

விடை எங்கிருந்து வந்தது? மீண்டும் பூவிலிருந்தும் விதையிலிருந்தும்தான். 1930-களில், அன்று தாங்கனிக்கா என வழங்கிய நாட்டின் அமானி ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்டோரி, நிக்கல்ஸ் என்னும் இருவர், மரவள்ளிக்கு உறவினமான சியாரா ரப்பர் மரத்தின் மகரந்த உறவை மரவள்ளிக்கு ஏற்படுத்தினர். ரப்பர் மரம் தேமலைத் தாங்கும், கிழங்கு தராது. எனவே பிறந்த கலப்பு மகவை மீண்டும் மரவள்ளியோடும், அதன் மகவை மீண்டும் மரவள்ளியோடும் சேர்த்தனர். ஒவ்வொரு தலைமுறையிலும் ரப்பரின் பங்கு பாதியாகக் குறையும். மறுசேர்க்கை எனும் கத்தரி அதன் குரோமோசோமைத் துண்டு துண்டாக நறுக்கும். வேண்டாதவை உதிர, நோய் தாங்கும் துண்டு மட்டும் மிஞ்ச வேண்டும். அந்த ஒன்றைத்தான் பல ஆண்டு காத்திருந்து தேடினர். அவ்வழிச் செடிகள் நைஜீரியா சென்றன. அங்கே இபாதானில் 1967-இல் தோன்றிய பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிலையம் அவ்வழியை வளர்த்தது. இந்நூற்றாண்டில் ஆப்பிரிக்க மரவள்ளியின் டி.என்.ஏ.யை முழுமையாகப் படித்தோர், முதலாம், நான்காம் குரோமோசோம்களில் ரப்பர் மரத்தின் நீண்ட துண்டுகள் இன்றும் அப்படியே கிடப்பதைக் கண்டனர். எழுத்து பெரிதும் வேறுபட்ட இடங்களில் வால் தன் இணையை எளிதில் கண்டுகொள்வதில்லை. ஆதலின் அங்கே மறுசேர்க்கை அரிதாக நிகழ்கிறது. துண்டு வெட்டுப்படாமல் தங்கிவிட்டது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய அமானித் தோட்டத்துச் சுவடு, செல்லுக்குள் இன்றும் படிக்கத்தக்கதாய் உள்ளது!

இபாதானில் உருவான இனங்களுள் ஒன்று திருவனந்தபுரம் வந்து, ‘எம்.நைஜீரியா-1’ எனும் பொருள்படும் குறியோடு சோதிக்கப்பெற்று, ‘ஸ்ரீ பத்மநாபா’ என்னும் பெயரில் தமிழ்நாட்டு உழவர்க்கெனவும் வெளிவந்தது. தேமலை அது நன்கு தாங்குகிறது. அதனைப் போன்ற நோய் தாங்கும் இனங்களை நம் நாட்டினங்களோடு சேர்த்து மேலும் புதிய இனங்களைப் பெறும் முயற்சி தொடர்கிறது. ‘ஸ்ரீ ரக்ஷா’ போன்றவை அண்மையில் வெளிவந்தவை. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமும் தன் பங்கிற்கு இனங்களைத் தந்துள்ளது. முள்ளுவாடி, குங்குமரோஸ், பர்மா, வெள்ளைத் தாய்லாந்து என உழவர் நாவில் வழங்கும் இனங்களும் வயல்களில் உள்ளன. பல வகைக் குச்சிகள் ஒரு வட்டாரத்தில் நிற்பது ஓரளவு காப்பு என்பது நமது கருத்து.

ஒரு வகைப் பயிரே நிறைந்த நிலத்திற்கு எதிரிகள் வரிசையில் நின்று வருவர் போலும். 2020-இல் கேரளத்தில் தலைகாட்டிய மரவள்ளி மாவுப்பூச்சி விரைவில் சேலம், நாமக்கல் வயல்களையும் வெளுக்கச் செய்தது. அதன் எதிரியாகிய சிறு குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து 2022-இல் ஏத்தாப்பூரில் விடுவித்தனர். அந்த மாவுப்பூச்சியில் ஆணினமே இல்லை. பெண் தானே தன்னைப் போன்ற பெண்களைப் பெற்றுக்கொள்கிறது. கலப்பறியாப் பயிரின்மீது கலப்பறியாப் பூச்சி! நம் கதையோடு அது நேரே சேராவிடினும் சொல்லாது விட மனம் வரவில்லை.

புதிய இனம் வந்தும் பழைய எச்-226 ஏன் வயலை விட்டு அகலவில்லை என்று வினவினால், உழவரின் பதில் சுருக்கமானது. மில்லில் பாயிண்ட் எவ்வளவு நிற்கும், சமைத்தால் வேகுமா, குச்சி எங்கே கிடைக்கும்? மூன்றும் முறையான வினாக்களே. ஒரு குச்சியிலிருந்து ஆண்டுக்குப் பத்துக் குச்சி அளவே பெருக்கலாம். நெல் விதையைப் போல் ஒரே போகத்தில் ஒரு மாவட்டத்தை நிரப்பிவிட இயலாது. நோயற்ற குச்சியோ அதனினும் அரிது. அதற்காகவே தண்டின் நுனியிலுள்ள மிகச் சிறு திசுவைக் குப்பியில் வளர்த்து, வைரஸ் ஏறாத நாற்றுக்களைப் பெறும் முறையும் கையாளப்படுகிறது.

திருவனந்தபுரத்துத் தோட்டத்தில் பெண் பூவுக்கு உறையிடும் கைகள் ஒவ்வொரு பருவத்திலும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. ஒரு பூவுக்கு மூன்று விதை. ஒவ்வொரு விதையும் முன்பின் இல்லாத ஒரு பிரதி. ஆயிரக்கணக்கில் ஊன்றி, ஆண்டுதோறும் கழித்து, எஞ்சுவது ஒன்றிரண்டு. அதற்குள் பத்தாண்டு ஓடிவிடும். இங்கே இராசிபுரத்துப் பக்கத்திலோ, வெட்டு முடிந்த மாலையில், உழவர் தண்டுக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்துக் கொண்டிருப்பார். வெட்டுக்கு முன் தேமல் கண்ட செடிகளுக்கு அவர் துணி கட்டி அடையாளம் வைத்திருந்தார். துணி கட்டிய தண்டுகளைத் தனியே எடுத்து அடுப்புக்குப் போடுகிறார். மற்றவற்றை மீண்டும் கட்டி, வேப்பமர நிழலில் நிமிர்த்தி வைக்கிறார்.